கழுவிவிட்ட கியர்பாக்ஸ்

பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து அண்ணாச்சி எதையும் சுவருக்கு மேலாகத்தான் சொல்வார். அவர் தோட்டத்தில் வாழை குலை தள்ளியதும், மாடு கன்று போட்டதும் எனக்கு அப்படித்தான் தெரியவரும். போன மாதம் ஒரு காலையில் நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. வழக்கமாகத் தலைக்கு முன்னால் குரல் வந்துவிடும். அன்று குரல் வரவில்லை.

"சார்வாள், நம்ம தங்கதுரை போயிட்டாராம். விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

எந்தத் தங்கதுரை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு தங்கதுரைதான். பேச்சிமுத்து திரும்பித் தம் மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தார். நானும் அந்தத் தொழுவத்தின் மரக்கால்களைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துக்கச் செய்தி கேட்டுச் சிரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் தகரக்கூரை போட்ட தங்கதுரையின் பட்டறை உங்களில் பலருக்குத் தெரியும். கார் பழுது பார்க்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கதுரையிடம் வருவது கியர்பாக்ஸ் மட்டும். அதிலும் பெரும்பாலும், வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றி விற்கப்பட்ட பழைய கியர்பாக்ஸ். அதை வாங்கியவர்கள் தங்கள் காரில் மாட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவார்கள். பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவர நம்பகமான ஓர் ஆளை அனுப்புவோம் இல்லையா, அந்த ஆள் இவர். தென்காசியிலிருந்து வருவார்கள், சாத்தான்குளத்திலிருந்து வருவார்கள். ஒருவர் மீன்கூடையில் வைத்துக் கொண்டுவந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் அவர் சொல்வது "மாட்டலாம்" அல்லது "மாட்டாண்டாம்". இந்த இரண்டுக்கும் நடுவில் அவரிடம் வார்த்தை கிடையாது.

"ஏத்தி இறக்கது ரெண்டு நாள் சோலி. ஏத்துறதுக்கு முன்னால பாக்கது அரை மணிக்கூறு. அந்த அரை மணிக்கூறுக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்ல" என்பார்.

அந்த அரை மணி நேரத்தை நான் பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருவி எதையும் கையில் எடுக்க மாட்டார். ஒரு பழைய டயரின் மேல் பெட்டியை உட்காரவைத்து, முதலில் சும்மா சுற்றிவருவார். எந்த இடத்தில் எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி படிந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். நம் வண்டியின் கிளட்ச் தட்டைக் கொண்டுவரச் சொல்லி அந்தத் தண்டில் கோத்துப் பார்ப்பார். மோதிரம் செய்யக் கொடுப்பதற்கு முன் விரலை அளப்பது மாதிரி. அப்புறம் ஒவ்வொரு கியராகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தண்டைச் சுற்றுவார். மறுமுனை ஒரு சுற்று வருவதற்கு இந்த முனை முதல் கியரில் மூன்றரைச் சுற்றுக்கு மேல் போகும், இரண்டாவதில் இரண்டு சுற்றுக்குப் பக்கத்தில், நாலாவதில் ஒன்றுக்கு ஒன்று. முப்பது வருடம் விகிதம் நடத்தியவன் நான். கரும்பலகையில் சைக்கிள் படம் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்படி ஒரு பெட்டியை மேசைமேல் வைத்திருந்தால் கடைசிப் பெஞ்சும் தேறியிருக்கும்.

எல்லாம் முடிந்தபிறகுதான் எண்ணெய். அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, உள்ளே கிடக்கும் பழைய எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் விரிப்பார். கருகிய வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பார். பொன்னிறத் தூள் லேசாக மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்ந்த தூள். ஓடிய பெட்டியில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் விரலைக் குத்தும் இரும்புத் துணுக்கு கிடந்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

"பெட்டி மழுப்பும் சார்வாள். எண்ணெய்க்கு மழுப்பத் தெரியாது."

ஒருமுறை ஒரு தரகர் பளபளவென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணாச்சி, சுத்திப் பாருங்க. பூனை நடந்த மாதிரி இருக்கும், சத்தமே வராது" என்றார். தங்கதுரை சுற்றிப் பார்த்தார். உண்மையிலேயே சத்தம் வரவில்லை. திருகைக் கழற்றி விரலை விட்டு, எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏலே, உள்ள கதலி போட்டிருக்கியா, கோழிக்கூடு போட்டிருக்கியா?"

தேய்ந்த பற்கள் சத்தம் போடாமல் இருக்க வாழைப்பழத்தைத் தோலோடு மசித்து எண்ணெயில் கலந்திருக்கிறார்கள். தரகர் தலையைச் சொறிந்தார். "நான் போடல அண்ணாச்சி. எனக்கு வித்தவன் போட்டிருப்பான்."

"எவன் போட்டாலும் நம்ம ஊரு பழம்தான், அதுல சந்தோசம். கொண்டு போய் நாலு ஏலக்காயும் போட்டுரு. மாட்டலன்னாலும் பஞ்சாமிர்தத்துக்கு ஆகும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சத்தம் வரணும்லே. வலிச்சா சத்தம் போடணும்லா. வாயப் பொத்துனா வலி போயிருமா?"

இனி என் கதைக்கு வருகிறேன். அதில் குற்றவாளி நான்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் காருக்கு அப்போது பதினெட்டு வயது. அதன் கியர்பாக்ஸிலிருந்து வீட்டு முற்றத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழ ஆரம்பித்தது. நான் சுத்தம் பார்க்கிற ஆள். மாணவர்கள் ஓரக்கோடு போடாவிட்டால் நோட்டைத் திருப்பிக் கொடுத்தவன். எனவே அந்த இடத்தில் ஒரு தகரத்தட்டை வைத்தேன். தினமும் காலையில் தட்டைத் துடைத்து மறுபடியும் வைத்தேன். நான்கு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் கோவில்பட்டி தாண்டி வரும்போது கியர்பாக்ஸ் வறண்டு, பின்பக்கத்துப் பேரிங் எரிந்து, வண்டி அலறிக்கொண்டு நின்றது. தங்கதுரை முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தரையக் காப்பாத்திட்டிய. வண்டியத்தான் விட்டுட்டிய."

பழைய கியர்பாக்ஸ் ஒன்று மதுரையில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. அதே வகைக் கார், பின்னால் லாரி இடித்து நொறுங்கியது என்றார்கள். புதன்கிழமை காலை பார்சல் லாரியில் வந்து சேர்ந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்குக் காதுகுத்து. பாபநாசத்துக்கு மேலே மலையில் எங்கள் குலதெய்வக் கோயில். மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வருகிறார்கள். அந்த மலைச்சாலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய காரியம். வளைவுக்கு வளைவு சரிவு. தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி பைய இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாத சாலை. ஆகவே தங்கதுரை "மாட்டலாம்" என்று சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு.

லாரியிலிருந்து இறக்கிய பெட்டி பார்க்கச் சகிக்கவில்லை. சேறும் எண்ணெய்ப்பிசுக்கும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. பெரிய மனிதரிடம் இப்படியா கொண்டு போவது என்று எனக்குத் தோன்றியது. அடித் திருகைக் கழற்றி நாறிய எண்ணெயை ஒரு பெயின்ட் வாளியில் வடித்தேன். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, அதையும் அதே வாளியில் கொட்டினேன். வெளியே சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. "ஒங்க கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படிக் குளிச்சு வரல" என்றாள் என் மனைவி சரோஜா. சுவருக்கு மேல் பேச்சிமுத்துவின் தலை தெரிந்தது.

"அந்த எண்ணெய எங்கன கொட்டப் போறிய சார்வாள்? இங்கன குடுங்க. தொழுவத்துக் காலுக்குப் பூசுதேன். கரையான் அண்டாது."

வாளியோடு கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆட்டோவில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெயிலில் அது வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். தங்கதுரை பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கழுவிட்டியளா?"

"ஆமாம், உள்ளேயும் வெளியேயும்."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார்வாள், ஒரு பையன் கணக்குப் பரீட்சையில செஞ்ச வழியெல்லாம் அழிச்சுட்டு விடையை மட்டும் எழுதி வச்சா, நீங்க மார்க் போடுவியளா?"

"போட மாட்டேன். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினானோ என்று சந்தேகப்படுவேன்."

"அதேதான். நீங்க வழிய அழிச்சிட்டு வந்திருக்கிய."

என் பாடத்தையே எடுத்து என்னை அடித்தவர் அவர் ஒருவர்தான். இருந்தாலும் பெட்டியைப் பார்த்தார். தண்டில் ஆட்டம் இல்லை. கிளட்ச் தட்டு கச்சிதமாகப் பொருந்தியது. ஐந்து கியரும் விழுந்தன, சுற்றுக் கணக்கும் சரியாக வந்தது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"கைக்கு எல்லாம் சரியா இருக்கு. ஆனா மாட்டலாம்னு சொல்ல மாட்டேன்" என்றார். "கையால சுத்தும்போது பாரம் கிடையாது. மலையில குடும்பத்தோட இறங்கும்போதுதான் அதுக்குப் பாரம் தெரியும். அப்போ ஒரு பல்லு போச்சுன்னா, வண்டி நீங்க சொன்ன பேச்சக் கேக்காது."

"சந்தேகமாக இருந்தால் திறந்து பார்த்துவிடுங்களேன்" என்றேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

"நல்லா இருக்க பெட்டியக் காரணம் இல்லாமத் தெறந்தா, பழைய இறுக்கம் திரும்ப வராது. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமான்னும் தெரியாது. எனக்கு ஒரு காரணம் வேணும், இல்ல காரணம் இல்லன்னு தெரியணும்." கொஞ்சம் யோசித்தார். "அந்த எண்ணெய எங்கன கொட்டுனிய?"

சொன்னேன். தங்கதுரை எழுந்தார். பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று அவரிடம் உண்டு. அதைக் கயிற்றில் கட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வாங்க சார்வாள், தொழுவத்துக்குப் போவோம்."

அரைமணி நேரத்தில் நாங்கள் பேச்சிமுத்துவின் தொழுவத்தில் நின்றோம். எட்டு மரக்கால்களும் இடுப்புயரத்துக்குக் கறுப்பாகப் பூசப்பட்டு இன்னும் ஈரமாக இருந்தன. தங்கதுரை குத்தவைத்து உட்கார்ந்து, முதல் காலில் காந்தத்தை மேலிருந்து கீழாக வருடினார். அவருடைய முகம் மருத்துவருடையதுபோல இருந்தது. மாடு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"என்ன வே இது" என்றார் பேச்சிமுத்து. "எண்ணெயத் திருப்பிக் கேக்க வந்தீரோன்னு பாத்தேன். எங்க மாட்டுக்குக் கியர் மாட்டப் போறீரா?"

"உம்ம மாட்டுக்கு ரிவர்ஸ் ஒண்ணுதான் விழும் வே. உம்மளப் பாத்தாலே பின்னால போகுதுல்லா" என்றார் தங்கதுரை, தலையை நிமிர்த்தாமல். "இந்தக் கால மாடு நக்கிச்சா?"

"நக்கல."

"நக்கியிருந்தா அத மல்லாக்கப் போட்டு வயித்துல காந்தம் வச்சுப் பாக்கணும். அதான் கேட்டேன்."

இரண்டாவது கால், மூன்றாவது கால். காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியது. அது மாவுபோல இருந்தால் பயம் இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மரத்தில் பொன்னிறத் தூள் அங்கங்கே மினுங்கியது. அதுவும் இருக்கக்கூடியதுதான். ஏழாவது காலும் முடிந்தபோது நான் மனத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியைப் போட்டுவிட்டேன். எட்டாவது காலின் அடியில்தான் பேச்சிமுத்து வாளியின் மிச்சத்தைக் கவிழ்த்திருந்தார். அங்கே காந்தம் 'டிக்' என்றது.

தங்கதுரை கையை நீட்டினார். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். காந்தத்தை அதில் துடைத்து வெயிலில் விரித்தார். பசைக்கும் பொன்தூளுக்கும் நடுவில் அரிசிக் குருணை அளவில் ஒரு இரும்புத் துணுக்கு.

"தொட்டுப் பாருங்க. ஒரு பக்கம் வழவழன்னு இருக்கா? அது பல்லோட முகம். இன்னொரு பக்கம் சொரசொரன்னு இருக்கு. அது முறிஞ்ச இடம்." பேச்சிமுத்துவும் தொட்டுப் பார்த்தார். பேரனின் எடை எவ்வளவு என்று எனக்கு அப்போது ஏன் தோன்றியதோ தெரியவில்லை. ஏழரைக் கிலோ.

"இப்போ தெறக்கலாம்" என்றார் தங்கதுரை. "காரணம் கிடைச்சிட்டு."

வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்தார். இரண்டாம் கியரின் ஒரு பல்லில் முனை பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்திலிருந்து முடிபோல ஒரு விரிசல் பல்லின் அடிவரை ஓடியது. மலையில் இறங்கும்போது நாங்கள் நம்பியிருக்கும் கியர் அதுதான். "எப்பவும் போட்டு அடிச்சு ஓட்டியிருக்கான் அந்த மகராசன்" என்றார். பிறகு தட்டு வைத்து நான் கொன்ற என் சொந்தப் பெட்டியைத் திறந்தார். மேல் கியர்கள் வெந்து நீலம் பாய்ந்து கிடந்தன. இரண்டாம் கியர் மட்டும் முழுசாக இருந்தது. இரண்டு கியரிலும் பல் எண்ணிக்கை ஒன்றுதானா என்று எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார். சாக்பீஸால் அடையாளம் வைத்து எண்ணினேன். முதல்முறை ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடியும் எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"அவசரமில்ல சார்வாள். நீங்க கணக்கு வாத்தியார்தான?"

மூன்றாவது முறை சரியாக வந்தது. மாற்றிய கியரோடு சேரும் பற்களில் அடிபடவில்லை என்று ஒவ்வொன்றாக விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். சனிக்கிழமை மாலை, கைகளைத் துடைத்துக்கொண்டே அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.

இரவோடு இரவாக அவரே வண்டியில் மாட்டியும் கொடுத்தார். அதோடும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வெள்ளைவேட்டியும் சட்டையுமாக எங்கள் வாசலில் நின்றார். "சர்ச்சுக்குப் போகாண்டாமா அண்ணாச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா" என்று சரோஜா கேட்டாள். "ஆண்டவர்ட்ட நேத்தே சொல்லிட்டேன் தாயி. உங்க சாமிகிட்ட நான்தான பதில் சொல்லணும், மாட்டுனது நான்லா" என்றார்.

காது குத்தும்போது பேரன் மலை அதிர அழுதான். மகள் பதறிப்போய் வாயில் சர்க்கரையைத் திணிக்கப் போனாள். "அழட்டும் தாயி. வலிச்சா சத்தம் போடணும்லா" என்றார் தங்கதுரை. நான் ஒருவன்தான் சிரித்தேன். மற்றவர்களுக்கு அந்த வாழைப்பழக் கதை தெரியாது. பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இறங்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் கியர். வண்டி சீராக, ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் வளைவிலேயே என் இடதுகையைக் கியர்கம்பிலிருந்து எடுத்து ஸ்டீரிங்கில் வைத்தார். "அது கை வைக்க இடம் இல்ல சார்வாள். நீங்க சாஞ்சா உள்ள ஒருத்தன் தேயுதான்." அடிவாரம் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. வந்ததும் திறந்து, பின்னால் திரும்பித் தூங்கிப்போயிருந்த குழந்தையைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. பேரன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

போன மாதம் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்கு நானும் பேச்சிமுத்துவும் போனோம். வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, அந்தக் கைகளைக் காட்டிச் சொன்னார்: "எவ்வளவோ தேச்சுப் பாத்துட்டோம் சார்வாள். நகக்கண்ணுல இருக்க கருப்பு மட்டும் போகல."

"இருக்கட்டும்மா" என்றேன். "கழுவினது போதும்."

பேச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அழுதாரா சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை.

வண்டி ஓட்டும்போது இப்போது என் இரண்டு கையும் ஸ்டீரிங்கில்தான் இருக்கின்றன. அது அவர் கொடுத்தது. இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. நடுவில் கருங்கறையும், கறைக்குள் பொன்தூளும், ஒட்டிக்கொண்டு ஓர் இரும்புக் குருணையும் உள்ள கைக்குட்டை. அலமாரியில் என் சட்டைகளுக்கு மேல் மடித்து வைத்திருக்கிறேன். சரோஜா அதை இரண்டுமுறை துணிக்கூடையில் போட்டுவிட்டாள். இரண்டுமுறையும் நான் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். வெள்ளைத் துணி இப்படிக் கிடக்கலாமா என்று அவள் கேட்கிறாள். சுத்தம் பார்க்கிற மனிதனுக்கு என்ன ஆனது என்று அவளுக்கு ஆச்சரியம்.

கழுவ வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.